வடக்கே ட்ரெயில் திறந்துவிட்டதா? ஒன்ராறியோ ஸ்னோமொபைல் பருவத்தின் முதல் வாரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசியில் ரொறன்ரோவில் முதல் பனி தரையைத் தொட்டதும் இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். கராஜில் மூடிக்கிடந்த ஸ்லெட்டை, அதாவது ஸ்னோமொபைலை, வெளியே எடுத்து ட்ரெய்லரில் ஏற்றிவிட்டுக் காத்திருப்பவர்கள் கேட்பது ஒரு பக்கம். போன வருடம் நண்பரோடு போய் ஆசை பிடித்து, இந்த வருடம் சொந்தமாக வாங்கியவர்கள் கேட்பது இன்னொரு பக்கம். இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் ஒன்ராறியோவை வைத்துச் சொன்னவை. கியூபெக்கில் பெர்மிட்டும் சட்டமும் வேறு.

கொட்டேஜ் முற்றத்தில் முழங்கால் அளவு பனி கிடக்கிறது. ஆனால் ட்ரெயில் மூடியிருக்கிறது என்கிறார்கள். ஏன்?

முற்றத்தில் இருப்பது விழுந்த பனி. ட்ரெயிலுக்கு வேண்டியது அமுக்கி இறுக்கிய பனி. புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். 10 செ.மீ. பனியை உருக்கினால் ஏறக்குறைய 1 செ.மீ. தண்ணீர் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் 30 செ.மீ. புதுப்பனியைக் குரூமர் எனப்படும் ட்ரெயில் சமன்செய்யும் இயந்திரம் அமுக்கிய பிறகு மிஞ்சுவது 6, 7 செ.மீ.தான். காட்டுப் பாதையில் துருத்திக்கொண்டிருக்கும் கல்லும் வேரும் மரக்குற்றியும் அதற்குள் மறையாது.

பனியைத் தவிர வேறு வேலைகளும் இருக்கின்றன. கோடையில் பெருங்காற்றில் சாய்ந்த மரங்களை அறுத்து அகற்ற வேண்டும். பீவர் அணை கட்டித் தண்ணீர் தேங்கிய இடங்களைச் சரிபார்க்க வேண்டும். பாலங்கள், மதகுகள், அறிவிப்புப் பலகைகள், வயல்களுக்கு இடையில் உள்ள கேட்டுகள் என்று பட்டியல் நீளும். 2025 மார்ச் கடைசியில் ஒரிலியா, பீட்டர்பரோ, கவார்தா பக்கம் அடித்த ஐஸ் புயலை நினைத்துப் பாருங்கள். முறிந்த மரங்களை அங்குள்ள காட்டுப் பாதைகளில் ஒவ்வொன்றாக அறுத்துத்தான் வழி எடுக்க வேண்டும். இதில் பெரும்பகுதியைச் செய்வது சம்பளம் வாங்காத ஸ்னோமொபைல் கழகத் தொண்டர்கள்.

சரி, அப்படியென்றால் எவ்வளவு பனி விழ வேண்டும்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய ரயில் பாதையோ மரம் வெட்டும் நிறுவனங்கள் போட்ட சரளைச் சாலையோ என்றால் அடித்தளம் ஏற்கெனவே சமதளம். சொற்பப் பனியிலேயே ஓட்டலாம். பாரி சவுண்ட் பக்கம் உள்ள செகுயின் ட்ரெயில் ஒரு காலத்தில் ஒட்டாவா, ஆர்ன்பிரயர், பாரி சவுண்ட் ரயில் ஓடிய பாதை. இப்படிப்பட்ட பாதைகள்தான் பருவத் தொடக்கத்தில் கைகொடுக்கும். அதே வட்டாரத்தில் கனடியக் கேடயம் (Canadian Shield) எனப்படும் கரடுமுரடான பாறைநிலத்தின்மேல் ஏறி இறங்கும் காட்டு ட்ரெயிலுக்கு அதைப்போலப் பல மடங்கு பனி வேண்டும்.

பனியின் தன்மையும் முக்கியம். கையில் பிடித்தால் உருண்டையாகிற ஈரப்பனி 10 செ.மீ. விழுந்தால் அது நல்ல அடித்தளமாக இறுகும். ஊதினால் பறக்கிற உலர்பனி 30 செ.மீ. விழுந்தாலும் நாலு ஸ்லெட் போனதும் விலகி மண் தெரியும். அதனால் டிசம்பரில் ஈரப்பனி விழுந்து, அன்றிரவே குளிர் இறங்கினால் கழகக்காரர்கள் மகிழ்ச்சியாகிவிடுவார்கள்.

முதலில் குளிர் வர வேண்டும், அப்புறம்தான் பனி வர வேண்டும் என்கிறார்களே. ஏன் அந்த வரிசை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பருவத் தொடக்கத்தின் எல்லாச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

பனி தரைக்குக் கம்பளி. தரை உறைவதற்கு முன்பே கனமான பனி மூடிவிட்டால் மண்ணின் சூடு வெளியேறாது. அடியில் சேறு சேறாகவே இருக்கும். ஒன்ராறியோ ட்ரெயில்கள் ஏராளமான சதுப்பு நிலங்களைக் கடந்துதான் போகின்றன. மேலே வெள்ளையாக, அழகாக இருக்கும். அதை நம்பி நவீன குரூமரை, அதாவது பல டன் எடையுள்ள ட்ராக்டரையும் அதன் பின்னால் இழுபடும் நீண்ட இழுவைச் சட்டத்தையும், உள்ளே இறக்கினால் புதைந்துவிடும். வெளியே இழுக்க ஒரு நாள் முழுவதும் போகும்; பழுது பார்க்கிற செலவு கழகத்தின் தலையில் விழும்.

அதனால் கழகங்கள் முதலில் கனரக இயந்திரத்தை அனுப்புவதில்லை. எடை குறைந்த வேலை ஸ்லெட்டின் பின்னால் உருளை கட்டி இழுத்துப் பனியை அமுக்குவார்கள். அமுக்கும்போது பனிக்குள் இருந்த காற்று வெளியேறும், கம்பளித்தன்மை குறையும், மேலே இருக்கிற குளிர் மண்ணுக்குள் இறங்கும். ஓரிரு வாரம் கடுங்குளிர் அடித்தால் சதுப்பு இறுகும். பிறகுதான் பெரிய குரூமர். நவம்பர் கடைசியில் பனியே இல்லாமல் வெறும் குளிராக இரண்டு வாரம் போனால் நகரத்தில் உள்ளவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த இரண்டு வாரங்கள்தான் நல்ல செய்தி.

வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டுகிறதே. ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள்?

ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பு, சுருக்கமாக ஓஎஃப்எஸ்சி, இணையத்தில் ஒரு ஊடாடும் வரைபடம் வைத்திருக்கிறது. மாகாணம் முழுக்கச் சுமார் 30,000 கி.மீ. ட்ரெயில்களின் நிலை அதில் தெரியும்.

சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. மஞ்சள் என்றால் திறந்திருக்கிறது, ஆனால் நிலைமை முழுமையாக இல்லை. நிதானமாக, எச்சரிக்கையோடு போக வேண்டும். பச்சை என்றால் திறந்திருக்கிறது. பச்சையைப் பார்த்ததும் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறம் மாறிய பிறகும் மழை பெய்யலாம், மரம் விழலாம்.

வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டாதீர்கள். கிளம்புகிற அன்று காலை பாருங்கள். மதியம் சாப்பிட நிற்கும்போது இன்னொரு தடவை பாருங்கள். டிசம்பரில் ஒரே நாளில் மஞ்சள் சிவப்பாவது சாதாரணம். இன்னொன்று, போகவேண்டிய முழு வழியையும் பாருங்கள். நடுவில் 3 கி.மீ. சிவப்பாக இருந்தால் அந்த வழி உங்களுக்கு இல்லை. பருவத் தொடக்கத்தில் பெரும்பாலும் போன வழியிலேயே திரும்பி வரும்படிதான் திட்டமிட வேண்டியிருக்கும். சுற்றிவரும் வழிகள் ஜனவரியில்தான் இணையும்.

சிவப்பு ட்ரெயிலில் யாருமே இல்லை. பனியும் நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தால் என்ன?

போகாதீர்கள்.

தென் ஒன்ராறியோவில் நீங்கள் ஓட்டுகிற ட்ரெயிலில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய சொந்த நிலம். விவசாயிகளும் காட்டுச் சொந்தக்காரர்களும் மனமுவந்து கொடுத்த அனுமதியில்தான் இந்த வலையமைப்பே நிற்கிறது. கழகம் ட்ரெயிலைத் திறந்தால்தான் அந்த அனுமதி உங்களுக்கும் பொருந்தும். மூடியிருக்கும்போது உள்ளே போனால் அது அத்துமீறல். அபராதம் விதிக்க மாகாணச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அபராதத்தைவிடப் பெரிய இழப்பு வேறு. பனிக்கு அடியில் இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை முளைத்து நிற்கும் வயலை எடுத்துக்கொள்ளுங்கள். தரை உறையாமல், பனியும் மெல்லியதாக இருக்கும்போது அதன்மேல் ஸ்லெட்டுகள் போனால் பயிர் போய்விடும். அடுத்த வாரம் அந்த விவசாயி கழகத்துக்குப் போன் செய்து "இனி என் நிலத்தில் வேண்டாம்" என்பார். அவர் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. அந்த ஒரு வயலைச் சுற்றிப் போக வேறு வழி இல்லையென்றால் இரண்டு ஊர்களுக்கு இடையிலான இணைப்பே அறுந்துபோகும்; அந்தப் பருவத்துக்கு மட்டுமல்ல, பல சமயம் நிரந்தரமாகவே. ஐந்து நிமிட ஆசைக்கு இத்தனை பேர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

காட்டுப் பகுதியிலும் இதே கதைதான். முதல் பனியில் ஸ்லெட் ஓடினால் அதன் அடியில் சுழலும் ரப்பர் பட்டை மண்ணைக் கிளறிப் பனியோடு கலக்கும். கறுத்த பனி வெயிலை இழுத்துச் சீக்கிரம் உருகும். அடித்தளமாக இறுக வேண்டிய பனி அங்கேயே வீணாகிவிடும்.

எந்தப் பகுதி முதலில் திறக்கும்?

வழக்கமாக வடகிழக்கு. கொக்ரேன், கபுஸ்கேசிங், ஹேர்ஸ்ட், டிம்மின்ஸ் வட்டாரங்களில் குளிர் முன்னதாகவே வந்து நிலைத்துவிடும். நல்ல வருடங்களில் டிசம்பர் நடுவிலேயே சில பாதைகள் மஞ்சளாகும். ரொறன்ரோவிலிருந்து கொக்ரேன் சுமார் 700 கி.மீ.; அதில் பெரும்பகுதி 11ஆம் நெடுஞ்சாலையில். அந்த நெடுஞ்சாலையின் வடபகுதி பல இடங்களில் இருவழிச் சாலை. பனிப்பொழிவில் லாரிகளோடு ஓட்டுவது களைப்பான வேலை. போகிற நாளன்றே ஸ்லெட் ஓட்டலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

அடுத்தபடியாக அல்மகுவின் மேட்டுநிலமும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும், பிறகு மஸ்கோகா, பாரி சவுண்ட், ஹாலிபர்ட்டன். இவை பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அல்லது ஜனவரியில். பாரி (Barrie) நகரைச் சுற்றியும் அதற்குத் தெற்கிலும் உள்ளவை இன்னும் தாமதம். சில வருடம் சில ட்ரெயில் திறக்கவே திறக்காது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓட்டியே ஆக வேண்டும் என்று ஹோட்டலுக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற அறையை மட்டும் எடுங்கள்.

வானிலை அறிக்கையில் 'லேக் எஃபெக்ட்' என்கிறார்கள். அது நமக்கு நல்லதா?

நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. ஹூரன் ஏரியும் ஜோர்ஜியன் குடாவும் டிசம்பரில் இன்னும் உறைந்திருக்காது. வடமேற்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று அந்த வெதுவெதுப்பான தண்ணீர்மேல் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சி, கரையேறியதும் பனியாகக் கொட்டும். ஏரிப் பரப்புக்கும் சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் உள்ள காற்றுக்கும் 13 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் இது தொடங்குவதற்கு வாய்ப்பு என்பது வானிலையாளர்கள் பார்க்கிற கணக்கு.

இந்தப் பனி மெல்லிய கீற்றாக விழும். ஒரு ஊரில் 40 செ.மீ. கிடக்கும், 20 கி.மீ. தள்ளிப் புல் தெரியும். அதனால் நண்பர் அனுப்பிய ஒரு படத்தை வைத்து முழு வட்டாரத்தையும் கணக்குப் போடாதீர்கள். லேக் எஃபெக்ட் பனி பெரும்பாலும் உலர்ந்த இலகுப்பனி. மேலே சொன்னதுபோல் அதிகம் இறுகாது. அது கொட்டுகிற நேரத்தில் 400ஆம் நெடுஞ்சாலையில் முன்னால் போகிற வண்டியின் விளக்கே தெரியாது என்பதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் ட்ரெயிலில் என்னென்ன எதிர்பார்க்கலாம்?

திருப்பங்களில் பனி விலகி மண் தெரியும். மேடுகளின் உச்சியில் கல் துருத்தும். சிறு ஓடைகளைக் கடக்கும் இடத்தில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பாலத்தின் இரு முனைகளிலும் பனி இறங்கி ஒரு படி உண்டாகியிருக்கும். வேகமாக வந்தால் ஸ்லெட்டின் முன்னால் உள்ள ஸ்கீ அதில் முட்டும். பனிப் பாரத்தில் வளைந்த இளமரக் கிளைகள் முக உயரத்தில் தொங்கும். பலகைகள் எல்லாம் வைத்து முடித்திருக்க மாட்டார்கள். பாதையும் பருவ நடுவில் இருப்பதைவிடக் குறுகலாக இருக்கும். இரண்டு ஸ்லெட் எதிரெதிரே வந்தால் ஒருவர் நின்று வழிவிட வேண்டும்.

ட்ரெயில்களில் சட்டப்படி உச்சவேகம் மணிக்கு 50 கி.மீ. மஞ்சளில் அதுவே பல இடங்களில் அதிகம். திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது வலது ஓரத்தை விட்டு நகராதீர்கள். பருவத் தொடக்க விபத்துகளில் நான் மிகவும் அஞ்சுவது, திருப்பத்தில் நடுவே வருகிற இரண்டு பேர் சந்திப்பதைத்தான்.

ஏரி உறைந்துவிட்டது போலத் தெரிகிறது. குறுக்கே போகலாமா?

டிசம்பரில் எனது பதில் ஏறக்குறைய எப்போதும் 'வேண்டாம்'தான்.

தெளிவான, நீலம் கலந்த கெட்டி ஐஸ்தான் வலுவானது. நடக்க 15 செ.மீ., ஸ்னோமொபைலுக்கு 25 செ.மீ. என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. வெள்ளையாக, பால் நிறத்தில் இருக்கும் ஐஸில் பனியும் காற்றும் கலந்திருக்கும். அதன் வலு ஏறக்குறைய பாதிதான், ஆகவே இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். சாம்பல் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அதில் கால் வைக்கவே கூடாது.

தடிமன் ஓரிடத்தில் இருப்பதுபோல இன்னோரிடத்தில் இருக்காது. ஆறு வந்து சேரும் வாய், இரண்டு ஏரிகளை இணைக்கும் இடுக்கு, பாலத்தின் அடி, அடியில் ஊற்று உள்ள இடம், படகுத்துறையைக் காக்கக் குமிழி விடும் கருவி ஓடுகிற கரையோரம் ஆகிய இடங்களில் நீர் அசைந்துகொண்டே இருப்பதால் ஐஸ் மெலிந்தே கிடக்கும். உறைந்த ஏரிமேல் பனி விழுந்தால் இன்னும் மோசம். தரைக்குச் சொன்ன அதே கதைதான்: பனி மூடியதும் ஐஸ் தடிப்பது மிகவும் மெதுவாகிவிடும். பனியின் எடையில் ஐஸ் அமிழ்ந்து, விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே வந்து பனிக்கு அடியில் கூழாகக் கிடக்கும். ஸ்லெட் அதில் சிக்கினால் நகராது.

சிறிய, ஆழமில்லாத ஏரிகள் முதலில் உறையும். சிம்கோ போன்ற பெரிய ஏரிகள் ஜனவரியிலும் திறந்த நீரோடு இருப்பதுண்டு. கம்பு நட்டுக் குறித்த வழி இல்லாத ஏரியில் இறங்காதீர்கள். முன்னால் யாரோ போன தடம் இருக்கிறதே என்றால், அந்தத் தடம் அக்கரை வரை போயிருக்கிறதா என்று இங்கிருந்து உங்களுக்குத் தெரியாது. இரவில் வேறு ஒருவர் போன தடத்தைப் பின்பற்றுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

தப்பித்தவறி ஐஸ் உடைந்து விழுந்துவிட்டால்?

மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பிரபலமாக்கிய 1-10-1 விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் 1 நிமிடம்: குளிர் அதிர்ச்சியில் மூச்சு தாறுமாறாக வாங்கும், தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்து மூச்சை நிதானப்படுத்துவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம்: கை கால்கள் சொன்னபடி கேட்கிற நேரம், அதற்குள் வெளியேறப் பார்க்க வேண்டும். 1 மணி நேரம்: உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். விழுந்த உடனே செத்துவிடுவோம் என்ற பீதியில்தான் பலர் முதல் நிமிடத்திலேயே மூழ்குகிறார்கள்.

வந்த திசைக்கே திரும்புங்கள். உங்களைத் தாங்கிய ஐஸ் அங்கேதான் இருக்கிறது. கழுத்தில் தொங்கும் ஐஸ் குத்திகளை விளிம்பில் குத்தி, காலை உதைத்து, உடலைப் படுக்கையாக்கி மேலே ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே விலகுங்கள். மிதவை உடை போட்டிருந்தால் இத்தனையும் எளிது. புதிதாக உடை வாங்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை: அழகான ஜாக்கெட்டுக்குப் பதிலாக மிதக்கிற உடை வாங்குங்கள். ஐஸ் குத்திகள் பையில் இருந்து பயனில்லை. கழுத்தில் தொங்க வேண்டும்.

மெல்லிய பனியில் ஓட்டினால் வண்டி சூடாகிறது, வாடை வருகிறது. ஏன்?

இன்றைய ஸ்லெட்டுகளில் பெரும்பாலானவை திரவக் குளிர்ச்சி எஞ்சின் கொண்டவை. காரில் உள்ளதுபோல முன்பக்க ரேடியேட்டர் இருக்காது. பட்டை சுழலும்போது அள்ளி வீசுகிற பனி, அடிக்கூண்டில் உள்ள வெப்பமாற்றித் தகடுகள்மேல் பட்டு உருகித்தான் எஞ்சினைக் குளிர்விக்கும். ட்ரெயில் மெல்லியதாகவோ கண்ணாடியாக உறைந்தோ இருந்தால் வீசுவதற்குப் பனியே இல்லை, வெப்பம் ஏறுகிறது. நீங்கள் சொல்கிற வாடை பெரும்பாலும் ஹைஃபாக்ஸ் தேய்கிற வாடை. பட்டை சறுக்கி ஓடுகிற அந்த பிளாஸ்டிக் பட்டிகளுக்கும் பனிதான் உயவு.

இதற்குச் சுலபமான தீர்வு ஸ்கிராச்சர் எனப்படும் கம்பிச் சுரண்டிகள். கீழே இறக்கிவிட்டால் இறுகிய பரப்பைக் கீறிப் பனித்தூளைப் பட்டைக்குள் அனுப்பும். சரளை வெளியே தெரிகிற பாதையில் அவற்றை மேலே தூக்கி வையுங்கள். வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். ஏறினால் ஓரத்தில் இளம்பனி உள்ள இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு ஆற விடுங்கள். ஓரம் என்றால் ட்ரெயிலின் ஓரம். பயிர் உள்ள வயலுக்குள் இறங்கக்கூடாது.

ஸ்கீயின் அடியில் உள்ள கார்பைடு கம்பிகளும் சரளையில் வேகமாகத் தேயும். அவை மழுங்கினால் திருப்பத்தில் வண்டி நேராகப் போகும். டிசம்பர் ஓட்டத்துக்குப் பிறகு ஜனவரிக்கு முன் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

வண்டிப் பதிவு, காப்புறுதி, ஓட்டுநர் உரிமம், ஓஎஃப்எஸ்சி ட்ரெயில் பெர்மிட். கார் ஓட்டும் உரிமம் இருந்தால் போதும். இல்லாதவர்கள் தனியே ஸ்னோமொபைல் ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டும். 12 வயதிலிருந்து அதற்குப் பயிற்சி எடுக்கலாம். பொதுச் சாலையைக் கடக்கவோ அதன் ஓரமாக ஓட்டவோ 16 வயது ஆகியிருக்க வேண்டும். ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். பெர்மிட்டை இலையுதிர் காலத்திலேயே வாங்கினால் விலை குறைவு.

குடித்துவிட்டு ஓட்டினால் கார் ஓட்டியதுபோலவே வழக்கு. கார் உரிமமும் போகும். மாகாணக் காவல்துறையும் ஸ்டாப் அதிகாரிகள் எனப்படும் பயிற்சி பெற்ற ட்ரெயில் ரோந்துக்காரர்களும் நிறுத்திக் கேட்பார்கள். நிறுத்தினால் நில்லுங்கள்.

பெர்மிட்டுக்கு இவ்வளவு கட்டியும் ட்ரெயில் திறக்கவில்லை. என் பணம் வீண்தானே?

வருத்தம் புரிகிறது. 2023-24 குளிர்காலம் கனடா முழுவதற்கும் பதிவான மிக வெப்பமான குளிர்காலம். தென் ஒன்ராறியோவில் பல ட்ரெயில்கள் அந்த வருடம் திறக்கவே இல்லை. அதற்கு முந்தைய 2022-23 குளிர்காலத்தில் ஒட்டாவாவின் ரிடோ கால்வாய்ச் சறுக்கு மைதானம் அதன் வரலாற்றில் முதல்முறையாக ஒரு நாள்கூடத் திறக்காமல் போனது. இப்படி அடுத்தடுத்து வந்தால் யாருக்கும் மனம் சோரும்.

ஆனாலும் ட்ரெயில் மூடியிருந்தால் செலவு இல்லை என்று நினைக்காதீர்கள். பாலம் பழுதுபார்ப்பு, காப்புறுதி, குரூமர் பராமரிப்பு எல்லாம் பனி விழுவதற்கு முன்பே நடந்து முடிகிற செலவு. மோசமான வருடத்துக்குப் பிறகு பெர்மிட் விற்பனை சரிந்தால், நல்ல பனி வருகிற அடுத்த வருடம் குரூமர் ஓட்டக் கழகத்திடம் பணம் இருக்காது. பெர்மிட் வாங்கும்போது எந்தக் கழகத்தின் வழியாக வாங்குகிறீர்கள் என்று தேர்ந்தெடுக்க முடியும். நீங்கள் அதிகம் ஓட்டுகிற வட்டாரத்தின் கழகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

குரூமர் எதிரே வந்தால் என்ன செய்வது?

வேகத்தைக் குறைத்து வலது ஓரம் முழுவதுமாக ஒதுங்கி நின்றுவிடுங்கள். அது பெரும்பாலான ட்ரெயிலின் முழு அகலத்தையும் பிடித்துக்கொண்டு வரும். அந்தக் கனமான இயந்திரத்தால் உடனே நிற்கவும் முடியாது. பின்னால் வருகிறீர்கள் என்றால் ஓட்டுபவர் உங்களைப் பார்த்துக் கைகாட்டும்வரை முந்தாதீர்கள். பெரும்பாலும் இரவில்தான் ஓட்டுவார்கள், ஏனென்றால் புதிதாகச் சமன்செய்த பனி இறுகக் குளிரான சில மணி நேரம் தேவை. அது இறுகுவதற்குள் ஒரு கூட்டம் ஓட்டிப்போனால் அந்த இரவு வேலை அத்தனையும் போய்விடும். அதனால் பருவத் தொடக்கத்தில் இரவு ஓட்டத்தைத் தவிர்த்துக் காலையில் கிளம்புங்கள். டிசம்பரில் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும் என்பதால் பகலுக்குள் திரும்பும் தூரம்தான் போக வேண்டும்.

பிள்ளைகளை முதல் ஓட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போங்கள், ஆனால் முதல் வாரத்தில் வேண்டாம். பச்சை நிறம் நிலைத்து, நல்ல அடித்தளம் வந்த ஒரு வார நாளில் கூட்டிப்போங்கள். பின்னால் உட்காரும் பிள்ளையின் கால் பாதமணையில் எட்ட வேண்டும், கை பிடியில் எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் அடுத்த வருடம். நம்மவர் குடும்பங்களில் பலருக்கு இது முற்றிலும் புது விளையாட்டு; பிள்ளைக்கு முதல் நாள் குளிரும் அதிர்வும் அச்சமுமாக இருந்தால் மறுபடி வரமாட்டேன் என்றுவிடும்.

திறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் வட்டாரக் கழகத்துக்கு எழுதி, ட்ரெயில் வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் பெரும்பாலான கழகங்கள் ஆளுக்குத் தவிக்கும். பலகை நடவும் கிளை அறுக்கவும் கைகள் தேவை. செயின்சா ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அறுத்த கிளைகளை இழுத்துப் போட்டாலே பெரிய உதவி. சனிக்கிழமை காலை, தடித்த கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு போங்கள். அந்தச் சதுப்புகள் அப்போது இன்னும் உறைந்திருக்காது.